கனைக்காமல் வாசிக்கவும்

அத்தியாயம் பதினேழு

போன வாரம் வேலை முடிந்து வந்த சிஸ்டர், செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாளே, அந்த வீடு இன்னும் அதிலிருந்து தெளியவில்லை. வெளிநாட்டு மருத்துவமனை வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் எழுதுவது, படிப்பது, பேசுவது மூன்றிலும் தேறியவள், காதால் கேட்டுப் பதில் எழுதும் பகுதியில் மட்டும் கோட்டை விட்டிருந்தாள்.

"மறுபடியும் எழுதப் போறேன். வர்ற வெள்ளிக்கிழமை. இதுலயும் போச்சுன்னா அவங்க வேற ஆளப் பார்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவள், அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று அந்த வெள்ளிக்கிழமை. பரீட்சை மத்தியானத்துக்கு மேல்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சிஸ்டர் என்றால் யாருக்கும் உடன்பிறந்தவள் இல்லை. சிறுநீரக வார்டில் நர்ஸ். நோயாளிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவில் காய்கறிக்காரர்வரை அந்தப் பெயர் தொற்றிக்கொண்டது, நமக்கும் அதுவே போதும். அவளுடைய கணவர் மைக் சார், பேருந்து நிலையத்தின் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று இரண்டு மொழியில் ஊருக்கே சொல்பவர். வீட்டுக்கு வந்தால் குழம்பில் உப்பு குறைவு என்பதைக்கூட விரலால்தான் காட்டுவார்.

மகள் ஒருத்தி. வாடிக்கையாளர் சேவை அலுவலகத்தில், பதிவான தொலைபேசிப் பேச்சுகளைக் கேட்டுக் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. "ஒட்டுக் கேக்குறதுக்கு உனக்குச் சம்பளம்" என்று அம்மா கேலி செய்வாள்.

சிஸ்டருக்குக் கிடைக்கவிருப்பது இரண்டு வருட வேலை. தனியாகத்தான் போக வேண்டும். மனைவி போவதைப் பற்றி மைக் சார் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போய் வா என்று சொல்ல மனசு வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தினமும் காலையில் அவளுக்கு டிக்டேஷன் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் ஹாலில் இரண்டு நாற்காலிகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கிடந்தன. ஒன்றில் மைக் சார், கையில் பயிற்சிப் புத்தகம். மற்றதில் சிஸ்டர், மடியில் அட்டையும் தாளும். தெரியாதவர்கள் பார்த்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ பெரிய தகராறு என்றுதான் நினைப்பார்கள். அது தகராறு அல்ல, பாடமுறை. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வாசிப்பதெல்லாம் இங்கிலீஷ்தான். நம் வசதிக்காக நான் தமிழில் தருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"பல் மருத்துவமனை" என்று தலைப்பைப் படித்தார் மைக் சார். வரவேற்பறைப் பெண்ணும் அவரே, பல்வலிக்காரரும் அவரே. "செவ்வாய்க்கிழமை காலையில் வருகிறீர்களா? சரி, வருகிறேன். ம்ஹும்... ஐயோ, மன்னிக்கவும், செவ்வாயன்று டாக்டர் ஊரில் இல்லை. வியாழக்கிழமை மாலை வாருங்கள்."

பேனா ஓடியது. "வியாழன் மாலை" என்றாள் சிஸ்டர்.

"கரெக்ட்."

அடுத்தது காணாமல் போன பெட்டி. அதற்கடுத்தது வாடகை வீடு. எல்லாவற்றுக்கும் டாண் டாணென்று பதில் வந்தது.

"இங்க எல்லாம் வருது. அங்க போனா மட்டும் ஏன் காலை வாருது?" என்றாள் சிஸ்டர், யாரிடமும் கேட்காத மாதிரி.

"அம்மா, ஒரு நிமிஷம்." அறை வாசலில் மகள் நின்றிருந்தாள். அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலம், கழுத்தில் ஹெட்ஃபோன். "அப்பா, நீங்களும் எழுந்திரிக்காதீங்க. அம்மா பஸ்ல கேக்கட்டும்னு நீங்க படிக்கிறத என் போன்ல ரெக்கார்ட் பண்ணினேனே. நேத்து ஆபீஸ் போற வழியில மொத்தத்தையும் கேட்டேன்."

"உச்சரிப்பு எப்படி?" என்றார் மைக் சார். அந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

"உச்சரிப்புக்கு ஒரு குறைச்சலும் இல்ல. இதக் கேளுங்க."

போனைத் தட்டினாள். மைக் சாரின் குரல் ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட்டது. நடுவில் ஒரு சின்ன 'ம்ஹும்'. பிறகு வண்டியின் நேரம். இன்னொன்றைத் தட்டினாள். நூலகத்தில் புத்தகம் கேட்டது. ஒரு 'ம்ஹும்'. பிறகு திருப்பித் தர வேண்டிய தேதி. மூன்றாவதைத் தட்டுவதற்குள் மைக் சாரின் காது மடல் சிவந்துவிட்டது.

"பதில் வர்ற இடத்துக்கெல்லாம் முன்னாடி தொண்டையக் கனைக்கிறீங்க. ஒரு இடம் விடல. முதல்ல ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் மாத்திச் சொல்றாங்க பாருங்க, அங்க கொஞ்சம் அழுத்தியே கனைக்கிறீங்க. அம்மா இங்கிலீஷக் கேக்கலப்பா. உங்க தொண்டையக் கேக்குறா."

அடுப்பில் பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் அசையவில்லை.

"பரீட்சையில அந்த ஆள் கனைக்கல" என்றாள் சிஸ்டர் மெதுவாக. அவள் இன்னும் திரும்பவில்லை. "முதல்ல எது காதுல விழுந்துச்சோ அதையே எழுதிட்டு வந்தேன். செவ்வாய்னா செவ்வாய். அப்புறம் மாத்தினது எதுவுமே என் காதுல ஏறல."

மகள் போய் அடுப்பை அணைத்தாள்.

இப்போது அந்த நாற்காலிக் கதைக்கு வருவோம். மைக் சாரின் மனசும் அந்த நேரத்தில் அங்கேதான் போயிருந்தது.

அவருக்குத் தலை நிறைய முடி இருந்த காலம். ஒரு சைக்கிள் கடையின் மாடியில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. படியேறும்போதே டயர் ரப்பர் வாசனையும் கிரீஸ் வாசனையும் சேர்ந்து வரும். இவர் அறிவிப்பாளர் வேலைக்காகச் சேர்ந்தவர். அவள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டுச் சேர்ந்தவள். நடத்தியவரை எல்லோரும் மாடி மாஸ்டர் என்பார்கள். அவருக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது.

"மூஞ்சியப் பார்த்துப் பேசினா, வாய் அசையறத வச்சே புரிஞ்சுக்குவீங்க. காது சோம்பேறி ஆயிடும். போன்ல மூஞ்சி தெரியுமா? திரும்பி உக்காருங்க எல்லாரும்!"

ஜோடி ஜோடியாக, முதுகைக் காட்டிக்கொண்டு, அன்றாடப் பேச்சுகளைப் பேசிப் பழக வேண்டும். தபால் நிலையத்தில், மருந்துக் கடையில், பக்கத்து வீட்டாரிடம். பிறகு மாஸ்டர் டிக்டேஷன் சொல்வார். ஒவ்வொரு வாக்கியமும் மூன்று தடவை. முதலில் முழுசாக, அப்புறம் துண்டு துண்டாக, கடைசியில் கமா, ஃபுல் ஸ்டாப் எல்லாம் சேர்த்து. அதற்குமேல் கெஞ்சினாலும் கிடைக்காது.

முதல் நாள் இவர்களுக்கு விழுந்தது குடைக் கடை. அவள் கடைக்காரி, இவர் வாடிக்கையாளர். கறுப்புக் குடை இல்லை, நீலம்தான் இருக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். அப்படியானால் வேண்டாம் என்று இவர் கிளம்பிவிட வேண்டும். புத்தகத்தில் அவ்வளவுதான். ஆனால் முதுகுக்குப் பின்னால் வந்த அந்தக் குரலைக் கேட்டதும் இவருக்குக் கடையை விட்டுக் கிளம்ப மனசே வரவில்லை. "பரவாயில்லை மேடம், நீலமே கொடுங்கள்" என்றார். "எத்தன கலர் இருக்குன்னு கேட்டுடாதய்யா, நாளைக்குக் காலை வரைக்கும் இழுத்துடுவ" என்று மாஸ்டர் சத்தம் போட்டார். வகுப்பே சிரித்தது. ஒட்டியிருந்த அவளுடைய நாற்காலியும் குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று அப்படித்தான் அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அவருக்கு அவள் குடைக்காரி. முகம் பழகுவதற்கு முன்பே முதுகு பழகிய காதல் அது.

சனிக்கிழமைதோறும் தேர்வு. மாஸ்டரின் பேச்சுகளில் பொடி வைத்திருக்கும். ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் மாற்றிச் சொல்வார். குடைக்காரி ஒவ்வொரு முறையும் முதலில் கேட்டதையே எழுதிவிட்டு, தொங்கிப் போன முகத்தோடு படியிறங்குவாள். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு சனிக்கிழமை இவர், மாஸ்டர் மாற்றிச் சொல்லப்போகும் சமயம் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். மாஸ்டரின் பொடி அவருக்கு அத்துப்படி. அடுத்த சனிக்கிழமையும் கனைத்தார். அதற்கடுத்த வாரம் அவள் தேறிவிட்டாள்.

அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. கல்யாணமான பிறகும் பேசவில்லை. சில விஷயங்களைப் பேசாமல் வைத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறதே, அந்த வகை.

இன்னொன்றும் மைக் சாருக்கு நினைவிருந்தது. விமான நிலையப் பாடம். அதிகாரியாக இவர் கேட்டார், எதற்காகப் பயணம் போகிறீர்கள் என்று. மாமாவைப் பார்க்க என்று புத்தகத்தில் இருந்தது. அவளோ, "நர்ஸ் வேலை பார்க்க" என்றாள். பாடத்துக்காகச் சொல்லவில்லை, மனசிலிருந்து சொன்னாள். ஆக, அவளுடைய ஆசை இவருக்கு முதலிலிருந்தே தெரியும். பிறகு கல்யாணம், குழந்தை, படுக்கையில் விழுந்த மாமியார் என்று ஒவ்வொன்றாக வர, அந்த ஆசை பரணில் ஏறிவிட்டது. இறக்கித் தரச் சொல்லி அவள் கேட்டதில்லை. இவரும் ஏணி போடவில்லை.

"என்னங்க."

அந்தக் குரல் அவரை மாடியிலிருந்து ஹாலுக்கு இறக்கியது. சிஸ்டர் எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்றிருந்தாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? அப்பாவுக்குப் பழக்கதோஷம்..." என்று மகள் குறுக்கே புகுந்தாள்.

"நீ சும்மா இரு. நான் அவரக் கேக்குறேன்."

பழக்கதோஷம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மைக் சாரும் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் போன தடவை அவள் தேறவில்லை என்ற செய்தி வந்த அன்றைக்கு அவர் வயிற்றில் ஒரு குளிர்ச்சி பரவியதே, அது இப்போது தொண்டையில் வந்து நின்றது. அன்றிரவு அவள் அழுதுகொண்டிருந்தபோது ஆறுதலாகத் தோளைத் தட்டிய அதே மனுஷன், உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தார்.

"தெரியல" என்றார்.

"தெரியலையா!"

"பழக்கம்னு சொல்லலாம். முழுக்கப் பழக்கம்தானான்னு தெரியல."

சிஸ்டர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வார்டில் எத்தனையோ பேரின் பொய்யைப் பார்த்த கண். இது பொய்யில்லை என்று தெரிந்ததுதான் அவளுக்கு அதிகம் வலித்திருக்க வேண்டும். தாளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் தன் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அப்பா, ஆமாம்னு சொல்லியிருக்கலாம், இல்லாட்டி இல்லேன்னு சொல்லியிருக்கலாம். யாராவது தெரியலம்பாங்களா?"

"நீ ஏன்டி இன்னிக்குப் பார்த்து இதக் கண்டுபிடிச்ச?"

"நாளைக்குக் கண்டுபிடிச்சா யாருக்குப் பிரயோஜனம்?"



மகள் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம் சொல்லிவிட்டு அம்மாவின் அறைக்குள் போனாள். நல்ல மனசோடுதான் போனாள். ஆனால் அவள் வாசிக்கிற வேகத்துக்கு எழுத ஆள் பிறக்கவில்லை. வாடகை வீட்டுப் பேச்சைத் தொடங்குவதற்குள் முடித்துவிட்டாள். "அடியே, பஸ்ஸு பிடிக்கப் போறியா?" என்று சிஸ்டர் கத்துவது வெளியே கேட்டது. அடுத்த பேச்சில் மீன் கடைக்காரனுக்கு அவள் போட்ட குரலில், இருக்கிற நிலைமையையும் மறந்து அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சிரித்துவிட்டார்கள். சிரித்து முடித்ததும் சிஸ்டரின் சத்தமே இல்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

ஹாலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மைக் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனார், வந்தார். சமையலறையில் வழிந்த பாலைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

மகள் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். "என்னால ஆகலப்பா. மெதுவாப் படிச்சா என் குரல் எனக்கே குழந்தைக்குச் சோறூட்டுற மாதிரி இருக்கு. நான் கிளம்புறேன். சாயங்காலம் போன் பண்ணுங்க." படியிறங்கப் போனவள் நின்றாள். "அவங்களுக்கு உங்க குரல்தான் பழக்கம். நீங்களே ஏதாவது பண்ணுங்க."

சற்று நேரத்தில் படுக்கையறைக் கதவு திறந்தது. சிஸ்டர் வந்தாள். கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தாள். அவரைப் பார்க்காமலேயே நாற்காலியில் போய் உட்கார்ந்து அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க. பரீட்சைக்கு இன்னும் நேரம் இருக்கு. கனைக்காம படிங்க."

மைக் சார் உட்கார்ந்தார். முதுகில் அவளுடைய நாற்காலியின் கட்டை பட்டது.

கனைக்காமல் படிப்பது என்ன பெரிய வித்தை என்று நீங்கள் நினைக்கலாம். முதல் பேச்சிலேயே அவருக்கு வியர்த்துவிட்டது. தண்ணீர்க் குழாய் பழுது பார்ப்பவர் மூன்று மணிக்கு வருகிறேன் என்கிறார். அடுத்த வரியில் மாற்றப்போகிறார். அந்த இடம் நெருங்க நெருங்கத் தொண்டைக்குள் எறும்பு ஊர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். பேருந்து நிலைய மைக்குக்கு முன்னால் நிற்கிற மாதிரி, யாருக்கோ சொல்கிற குரலில், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை.

"மூணு மணி" என்றாள் சிஸ்டர்.

தப்பு. ஐந்தரை.

"தப்பா?"

"தப்பு."

"இன்னொண்ணு படிங்க."

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. அவளுடைய பேனா தாளில் குத்தி நிற்கும் ஓசை அவருக்குக் கேட்டது. ஒரே ஒரு கனைப்பு கனைத்தால் போதும், அந்தப் பேனா ஓடும். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவசரப்படாத. முதல்ல வர்றத எழுது, ஆனா பேனாவ எடுத்துடாத. பேச்சு முடியற வரைக்கும் அந்த ஆள நம்பாத" என்றார்.

"யாரையும் நம்பக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள் அவள். சுருக்கென்று தைத்தது. வாங்கிக்கொண்டார்.

நான்காவது பேச்சில் ஒன்றைப் பிடித்தாள். ஐந்தாவதில் இரண்டைப் பிடித்தாள். வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டித் தரைக்கு வந்தபோது, மைக் சார் படிக்கிறார், சிஸ்டர் எழுதுகிறாள், நடுவில் பேச்சில்லை. பிறந்தநாள் கேக்குக்குக் கடைக்குப் போன் செய்த பெண் மூன்று தடவை மனசு மாறினாள். சிஸ்டர் மூன்றையும் விடாமல் துரத்திப் போய்க் கடைசியில் சொன்னதைப் பிடித்துவிட்டாள்.

"எலுமிச்சை. சின்ன சைஸ். ஞாயித்துக்கிழமை."

"கரெக்ட்."

"எல்லாமா?"

"எல்லாம்."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். முதுகுக் கட்டை வழியாக அது இவருக்கும் வந்தது. அவளுக்கு இனி அவர் தேவையில்லை. மைக் சார் புத்தகத்தை மூடிக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. டிக்டேஷன்" என்றார்.

"சொல்லுங்க."

"தலைப்பு, பேருந்து நிலையத்தில்."

அது புத்தகத்தில் இல்லாத பாடம் என்று அவளுக்குத் தெரியாமலிருக்காது. இருந்தும் எழுதத் தொடங்கினாள். மைக் சார் இங்கிலீஷில் சொன்னார்.

"ஒரு பெண் வெகு தூரம் போகும் வண்டிக்காகக் காத்திருக்கிறாள். அறிவிப்பாளருக்கு அவள் போவதில் விருப்பமில்லை. முதல் தடவை அவள் வண்டியைத் தவறவிட்டபோது அவள் அழுதாள். அவர் மகிழ்ந்தார்."

ஒரு தப்பை ஒருமுறை ஒப்புக்கொள்வதே பெரும் பாடு. டிக்டேஷன் முறைப்படி மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. முழுசாகச் சொல்லும்போது குரல் தாங்கியது. துண்டு துண்டாகச் சொன்னபோது, 'அவர் மகிழ்ந்தார்' என்ற துண்டு தனியாக வந்து நின்று அவரையே முறைத்தது. மூன்றாவது தடவை ஃபுல் ஸ்டாப் சொல்வதற்குள் கண் கலங்கிவிட்டது. நல்லவேளையாக அவள் பார்க்கவில்லை.

பேனா நின்றுவிட்டிருந்தது. அவர் காத்திருந்தார். பிறகு மறுபடி ஓடும் ஓசை கேட்டது.

"இதற்காக அவர் வெட்கப்படுகிறார். அவள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் வண்டியை நிறுத்துவது அறிவிப்பாளரின் வேலை அல்ல."

மூன்று தடவை.

"முடிஞ்சுதா?" என்றாள் சிஸ்டர்.

"முடிஞ்சுது."

அவள் முதுகுப்புறமாகவே கையை நீட்டித் தாளைக் கொடுத்தாள். "திருத்துங்க."

எப்போதும்போல் சிவப்புப் பேனாவை எடுத்து வரி வரியாகப் பார்த்தார். அவர் சொன்ன அவமானமெல்லாம் அழகான கையெழுத்தில் ஒரு பிழையில்லாமல் இருந்தது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சரி என்று டிக் அடிக்கும்போது மைக் சாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"எத்தன தப்பு?"

"உன்னுது ஒண்ணும் இல்ல."

சிஸ்டர் எழுந்து போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டை இருவரும் பேசாமலே சாப்பிட்டார்கள். அவள் அவருக்கு ஒரு கரண்டி சோறு கூடப் போட்டாள். அது கோபம் தணிந்ததற்கா, வழக்கத்துக்கா என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை.

பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவர் லீவு போட்டிருந்ததால் நிலையத்தில் ஒலிபெருக்கியில் வேறொருவர் திணறிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் மைக் சார் உச்சுக் கொட்டியிருப்பார். அன்றைக்கு அந்தக் குரல் அவர் காதிலேயே விழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சிஸ்டரின் நெற்றியோர நரைமுடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. நாற்காலி குலுங்கச் சிரித்த பெண்ணுக்கு எப்போது இத்தனை நரை விழுந்தது என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

பரீட்சை நடக்கும் கட்டடம் ஒரு பெரிய இரும்புக் கேட்டுக்கு உள்ளே இருந்தது. கூட வந்தவர்கள் கேட்டோடு நிற்க வேண்டும். உள்ளே போகிற பெண்களில் பாதிப்பேர் சிஸ்டரின் மகள் வயது. சிஸ்டர் தன் அடையாள அட்டையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள். பிறகு, காலையில் கதவைச் சாத்திக்கொண்டதற்கப்புறம் முதல் தடவையாக, அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நீங்க டிக்டேஷன்ல சொன்னதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல."

"அவசரமில்ல. நல்லா எழுது முதல்ல."

"நல்லாத்தான் எழுதப் போறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. நான் இதுல ஃபெயிலாகி வீட்ல இருந்தேன்னா, அது உங்களுக்காக இருந்ததா ஆகாது. போக முடியாம கெடந்ததாத்தான் ஆகும். வாழ்நாள் பூரா உங்களப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். பாஸ் பண்ணிட்டு, போறதா இருக்கிறதான்னு நானே உக்காந்து யோசிக்கணும். அப்ப என்ன சொல்றேனோ, அதுதான் பதில்."

"போறேன்னு சொன்னா?"

"போறேன்னு சொன்னா, என் பெட்டியத் தூக்கிட்டு வந்து வண்டியேத்தி விடுங்க."

"இருக்கேன்னு சொன்னா?"

அவருடைய சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்திருந்ததைச் சிஸ்டர் சரி செய்துவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிறுசுகளுக்கு நடுவில் நிமிர்ந்து நடந்து போனாள். கண்ணாடிக் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது.

மைக் சார் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன தடவையும் இதே இடத்தில்தான் நின்றார். அப்போது அவர் மனசுக்குள் என்ன வேண்டிக்கொண்டார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இன்றைக்கு அவள் ஒரு கேள்வியைக்கூட விட்டுவிடக் கூடாதே என்று தவித்தார். உள்ளே ஹெட்ஃபோனில் எவனோ ஒருவன் பேசத் தொடங்கியிருப்பான். ஒன்றைச் சொல்லி மாற்றிச் சொல்வான். முதலில் சொல்வதை நம்பாதே குடைக்காரி, பேனாவை எடுத்துவிடாதே என்று உதடு தானாக முணுமுணுத்தது.

வாட்ச்மேன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். முடிய நேரமாகும். உள்ள போயிருக்கிறது பொண்ணா?"

"இல்ல. என் சம்சாரம்."

"அட! இந்த வயசுலயா? பாஸாயிடுவாங்களா?"

"ஆயிடுவா" என்றார் மைக் சார். சொன்ன வேகத்தில், அது நிச்சயம் நடக்கத்தான் போகிறது என்று அவருக்கே புரிந்தது. அப்புறம்தான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.